14 வயது மகள் நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கிறாள். அவளால் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள முடியுமா?

முதலில் ஒரு கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாட்டு நாய் 12, 13 வருடம்கூட இருக்கும். இன்னும் நாலு வருடத்தில் உங்கள் மகள் பிளஸ் டூ முடித்து ஏதோ ஒரு ஊர் ஹாஸ்டலில் இருப்பாள். மீதி வருடங்களுக்கு அந்த நாய் உங்களுடையது. சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

என் மகனும் அதே வயதில்தான் கேட்டான். "நானே குளிப்பாட்டுறேன், நானே வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்பா, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்." நான் ஒரு பரீட்சை வைத்தேன். ஒரு மாதம் தினமும் காலை 5.30க்கு எழுந்து, நாய் இல்லாமலே தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மொட்டை மாடியில் காக்கா எச்சத்தைக் கழுவிவிட வேண்டும். 30 நாளில் 26 நாள் செய்தான். பாஸ். பக்கத்துத் தெருவில் ஒரு நாய் போட்டிருந்த குட்டிகளில் நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ளதைத் தூக்கி வந்தோம். பெயர் பொட்டு.

தப்பான பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

குட்டி வந்த மூன்றாவது வாரம், சித்திரை வெயிலில் இவன் முழுக்கைச் சட்டையோடு சாப்பிட உட்கார்ந்தான். என் மனைவிக்குச் சந்தேகம் வந்து சட்டையைச் சுருட்டிப் பார்த்தால், முழங்கைக்குக் கீழே இரண்டு பல் கீறல், ரத்தம் காய்ந்து போய். கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஏன்டா சொல்லவில்லை என்றால், "சொன்னா பொட்டுவைக் கொண்டுபோய் விட்டுடுவீங்க."

குட்டிகளுக்குப் பொதுவாக மூன்று மாதம் ஆன பிறகுதான் வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசி. பொட்டுவுக்கு அந்த வயது ஆகவில்லை. தாயும் தெருநாய். மனிதனுக்கு ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட கிடையாது. அதனால் வீட்டுக் குட்டிதானே, கீறல்தானே என்று விடக் கூடாது. உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முதல் நாள் ஒன்று, அப்புறம் அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. ரத்தம் வந்திருந்ததால் இவனுக்குக் காயத்தைச் சுற்றியும் தனியாக இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்புத் தரும் எதிர்ப்பு மருந்து) போட்டார்கள். அதற்கெல்லாம் அழவில்லை. ரெண்டு நாள் மறைத்ததற்கு நர்ஸம்மா விட்ட டோஸில்தான் அழுதான்.

தப்பு என் மேல்தான். குட்டி வந்த அன்றே "ஒரு தடவை கடிச்சுதுன்னா தூக்கிட்டுப் போய் விட்டுடுவேன்" என்று விளையாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பல் முளைக்கிற குட்டி கடிக்காமல் என்ன செய்யும்?

அதனால் அவள் காலையில் எழுவாளா, மலம் அள்ளுவாளா என்பதைவிட, தப்பு நடந்தால் உங்களிடம் வந்து சொல்வாளா என்று பாருங்கள். கண்ணாடி டம்ளர் உடைந்தால் துண்டுகளை என்ன செய்கிறாள்? மார்க் குறைந்தால் பேப்பர் வீட்டுக்கு வருகிறதா? கேட் திறந்து கிடந்ததோ, அவள் கொடுத்த திராட்சையையோ சாக்லேட்டையோ நாய் தின்றுவிட்டதோ, உடனே சொன்னால்தான் ஏதாவது செய்ய முடியும் (இரண்டுமே நாய்க்கு விஷம்). மறைக்கிற பிள்ளை என்றால் நாயைத் தள்ளிப்போடுங்கள். அவள் பயம் எதனால் என்று பாருங்கள், என்னைப் போல நீங்களே காரணமாக இருக்கலாம்.

மற்றதெல்லாம் பழகிவிடும். 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் (இரண்டும் குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான வைரஸ் நோய்கள்) ஊசியை ஆரம்பிக்க வேண்டும், பூச்சி மருந்தும் உண்டு. டாக்டர் செலவு உங்கள் கணக்கு, பிள்ளை தலையில் கட்டாதீர்கள். பெண் குட்டி என்றால் கருத்தடை பற்றி முன்னாடியே கேட்டு வையுங்கள்.

மகன் இப்போது கோயம்புத்தூரில் காலேஜ். 5.30 வாக்கிங் என்னுடையதாகிவிட்டது. போன வாரம் பொட்டுவோடு நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஹலோ சொல்வதற்கு முன்னால், "அப்பா, மேத்ஸ்ல அரியர் விழுந்துடுச்சு" என்றான்.