கிராப்பிள் சந்தேகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று டைஸ் உருட்டி ஆடும் விளையாட்டின் 5ஆம் பதிப்பு மட்டும். 2014 புத்தகமா 2024 புத்தகமா என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், இரண்டிலும் கிராப்பிள் (எதிரியைப் பிடித்து நிறுத்துவது) வேறு.

அண்ணா, யார் டைஸ் உருட்டணும்?
2014 என்றால் இருவரும். உங்கள் அத்லெடிக்ஸ் (உடல்பலத் திறமை) உருட்டலுக்கு எதிராக, பிடிபடுபவனுடைய அத்லெடிக்ஸ் அல்லது அக்ரோபாட்டிக்ஸ் (உடல் லாவகம்). 2024இல் அவன் மட்டும் ஸ்ட்ரென்த் (பலம்) அல்லது டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) சேவ், அதாவது தப்பிக்கும் உருட்டல், போடுவான். எட்ட வேண்டியது 8 + உங்கள் ஸ்ட்ரென்த் மாடிஃபையர் + ப்ரொஃபிஷியன்சி போனஸ். இரண்டிலும் உங்களுக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். வாளும் கேடயமுமாக நிற்கும் பாலடின் (புனித வீரன்) ஒன்றைக் கைவிட்டால்தான் உண்டு.

பிடிபட்ட விஸார்ட் மந்திரம் போடலாமா?
போடலாம். வேகம் பூஜ்யமாகும், கையும் வாயும் அவனுடையதுதான். மிஸ்டி ஸ்டெப் என்ற இடம்மாறும் மந்திரம் சொல்லி 30 அடி தள்ளிப் போய் நிற்பான். நிஜ மல்யுத்தத்தை நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படிக்காதீர்கள்.

அப்போ எதுக்கு கிராப்பிள், வெட்டிட்டுப் போகலாமே?
எழவிடாமல் செய்யத்தான். எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே முறையில் இரண்டு அடி) இருந்தால் ஒன்றில் பிடி, அடுத்ததில் ஷவ் செய்து கீழே தள்ளு. எழுந்திருக்க வேகம் செலவாகும், அவனிடம் வேகமே இல்லை. பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆட்களுக்கெல்லாம் அவனை அடிக்க அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டி உயர்ந்ததை எடுப்பது). ரேஜில் (சண்டை வெறியில்) இருக்கும் பார்பேரியனுக்கு 2014இல் அத்லெடிக்ஸிலும் அட்வான்டேஜ் என்பதால் இதைவிட நல்ல வேலை கிடையாது.

பழைய 3.5 பதிப்பில் எப்படி?
அந்தப் பக்கம் நான் வருவதில்லை.

கிராப்பிள் ஆன கிளெரிக் ஸ்பெல் போடலாமா ப்ரோ?
மேலே விஸார்டுக்குச் சொன்னேன். அதேதான்.

பிடித்தவனை ஸ்பைக் குரோத் மந்திரத்தின் முள்ளில் இழுத்தால் சேதம் உண்டா? அவன் தானாக நகரவில்லையே.
உண்டு. பரப்புக்குள் போகும் ஒவ்வொரு 5 அடிக்கும் 2டி4 (நான்கு பக்க டைஸ் இரண்டு). சொந்தக் காலில் போக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் (விலகிப் போகிறவனை அடிப்பது) மட்டும், இன்னொருவர் நகர்த்தினால் செல்லாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். விலக்கு வேண்டிய இடத்தில் அவர்களுக்கு எழுதத் தெரியும்.

இழுப்பவனுக்கும் முள் குத்துமே?
உள்ளே நடந்தால் குத்தும். ஓரமாக வெளியே நடங்கள், அவன் உள்பக்கம் வரட்டும். 30 அடி வேகம் இழுக்கும்போது பாதியாகும், ஆக 15 அடி, 6டி4, சராசரி 15. அடுத்த டர்னில் டேஷும் (கூடுதல் ஓட்டம்) போட்டால் அதைப்போல இரண்டு மடங்கு.

இது சீட்டிங். எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விடமாட்டார்.
டிஎம் விடாதது வேறு, விதியில் இல்லாதது வேறு. அவரிடம் சண்டை போடுங்கள், என்னிடம் ஏன்?

கிராப்பிள் ஆன வார்லாக்...
போடலாம்!

டிராகனைப் பிடிக்கலாமா?
உங்களைவிட ஒரு சைஸ் பெரியதுவரை சரி. என்லார்ஜ் மந்திரம் போட்டு லார்ஜ் ஆன மனிதன் ஹ்யூஜான அடல்ட் டிராகனைப் பிடிக்கலாம், கார்கான்டுவானான ஏன்ஷியன்ட் டிராகன் நடக்காது. பறக்கும்போது பிடித்தால் அது விழும், கூடவே நீங்களும். 10 அடிக்கு 1டி6. நெருப்பு மூச்சு? அதுவும் நிற்காது, வாய் அதனுடையதுதான்.