கராத்தே கற்றுக்கொண்டால் கை நீளுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. ஸ்கூல் வேனில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் இவன் தலையில் குட்டுகிறான், ஸ்நாக்ஸ் டப்பாவைப் பிடுங்கிக்கொள்கிறான். அங்கே வாயே திறக்க மாட்டான். வீட்டுக்கு வந்ததும் 5 வயதுத் தங்கையைப் போட்டு அடிக்கிறான். வீட்டில் புலி, வெளியில் எலி. ‘கராத்தேயில் சேர்த்துவிட்டால் தைரியம் தானாக வரும்’ என்கிறார் கணவர். பக்கத்துத் தெரு மாஸ்டர் இரண்டே வருடத்தில் பிளாக் பெல்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். மாமியாரோ, ‘ஏற்கெனவே கை நீளுது, இதுல காசு கொடுத்து வேற அடிக்கக் கத்துக்கொடுக்கணுமா? ரவுடியாத்தான் வருவான்’ என்கிறார். என் அண்ணன் மகன் சிலம்பம் போகிறான், அதற்கு அனுப்பலாமா என்றும் யோசனை. இதெல்லாம் பிள்ளையின் குணத்தை மாற்றுமா? பாப்பாவையும் சேர்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் அவர் பேச்சைப் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கியிருப்பீர்கள். ஆனால் ஆராய்ச்சிக்காரர்களும் அதே பயத்தோடுதான் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறார்கள். நார்வேயில் எண்ட்ரெசன், ஓல்வியஸ் என்ற இருவர் 11 முதல் 13 வயது வரையுள்ள 477 பையன்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். இதில் ஓல்வியஸ், பள்ளிகளில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைச் சீண்டுவதைப் பற்றியே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். குத்துச்சண்டை, மல்யுத்தம், பளு தூக்குதல், கிழக்கத்தியச் சண்டைக் கலைகள் என்று போன பையன்களிடம் வெளியில் அடிதடி கூடியதே தவிரக் குறையவில்லை. ஆக, மாமியார் சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதிக்கு வருகிறேன். 1986இல் டிரல்சன் என்பவர், அடாவடிப் பையன்கள் என்று அடையாளம் காணப்பட்ட 13 முதல் 17 வயதுக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு டேக்வாண்டோ என்ற கொரியச் சண்டைக் கலையை மரியாதை, தியானம், அதன் நெறிகள் எல்லாவற்றோடும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அடி, உதை, சண்டை மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டம், பந்து விளையாட்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் குழுவில் முரட்டுத்தனம் இறங்கியிருந்தது. இரண்டாவது குழு முன்பைவிட மோசம்! சின்ன ஆய்வுதான், எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் கலை ஒன்றே, விளைவு இரண்டு என்பதை யோசித்துப் பாருங்கள். ‘கராத்தேயா, சிலம்பமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘யாரிடம்?’ என்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

கராத்தே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த கதையே இதற்கு ஒத்துவரும். ஒகினாவா தீவில் 1900களின் தொடக்கத்தில் அன்கோ இட்டோசு என்பவர்தான் அதைப் பள்ளி மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். இன்று நம்மூர்ப் பிள்ளைகள் பலர் ஆரம்பத்தில் கற்கும் ‘ஹெயான்’ கட்டாக்கள் (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசைகள்) அவர் மாணவர்களுக்காக அமைத்தவையே. அவருடைய சீடர் கிச்சின் ஃபுனாகோஷி தொழிலால் பள்ளி ஆசிரியர். 1922இல் கராத்தேயைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிவது, கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பவை அவர் வகுத்த இருபது நெறிகளில் இரண்டு. உங்கள் தெரு மாஸ்டர் இந்த இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறாரா என்று கேளுங்கள். ஜூடோவில் இன்னும் அழகு: எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், தான் அடிபடாமல் விழக் கற்றுக்கொடுப்பார்கள். நம் சிலம்பத்திலும் கம்பைக் கையில் தருவதற்கு முன் காலடிதான், அதாவது கால் எடுத்து வைக்கும் முறை. சில வாத்தியார்கள் வாரக்கணக்கில் காலடி மட்டுமே போடவைப்பார்கள். பெற்றோர் பொறுமை இழந்து, ‘எப்ப சார் கம்பு குடுப்பீங்க?’ என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். நீங்கள் பணம் கட்டுவதே அந்தக் காத்திருப்புக்குத்தான்.

நல்ல வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவன் முகத்தை நோக்கிக் குத்தவேண்டும், ஆனால் தோலைத் தொடுவதற்கு முன் கை நின்றுவிட வேண்டும். முழு வேகத்தில் போகிற கையை நிறுத்துவது குத்துவதைவிடக் கஷ்டம். ஒன்பது வயதில் இது உடனே வராது. பத்துத் தடவை இடித்துவிட்டு, பத்துத் தடவையும் ‘ஸாரி’ சொல்லி, பதினோராவது தடவைதான் வரும். அடுத்த நிமிடம் இடம் மாறும். இப்போது இவன் முகம் அவன் கைக்கு எதிரே. கூட இருப்பவனின் பல்லும் மூக்கும் தன் பொறுப்பு என்பதை எந்த நீதிபோதனை வகுப்பும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. சிலம்பத்தில் தொடுமுறையும் இப்படியே. கம்பால் எதிராளியைத் தொட்டால் போதும், புள்ளி கிடைத்துவிடும். அந்தக் காலத்துப் போட்டிகளில் கம்பு முனையில் பொடி தடவிவிட்டு, உடம்பில் விழுந்த தடத்தை எண்ணுவார்கள். பலமாக அடிப்பவனுக்குத் தனிப் பெருமை இல்லை.

இன்னொன்று, தோற்பது. வகுப்பில் உங்கள் மகன் தன்னைவிடச் சின்னப் பையனிடமே தோற்பான், ஒரு பெண் பிள்ளையிடம் தோற்பான், தோற்றபிறகு குனிந்து வணங்குவான். வேனில் தலைகுனிவதற்கும் இந்தக் குனிவுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு உடம்பில் படும். வீட்டில் புலியாக இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தோல்வியை வெளியில் விழுங்கி வீட்டில் கக்குகிறவர்கள். வலிக்காமல் தோற்க ஓர் இடம் கிடைத்தால், கக்குவது குறையும் என்று நம்புகிறேன்.

ஆனால் வேன் விஷயத்தை எந்த மாஸ்டர் தலையிலும் கட்டாதீர்கள். இந்த இடத்தில் உங்கள் கணவரோடு எனக்கு உடன்பாடில்லை. தினமும் குட்டு வாங்கும் குழந்தையை, ‘நீ கராத்தே கத்துக்கிட்டுத் திருப்பி அடி’ என்று அனுப்பினால், அவனைக் காப்பாற்றவேண்டிய பெரியவர்கள் கைகழுவிவிட்டார்கள் என்றுதான் பொருள். ஆறாம் வகுப்புப் பையனை நாலாம் வகுப்புப் பையன் சமாளிக்கும் அளவுக்கு வளர ஓரிரு வருடம் ஆகும். அதுவரை டப்பா போய்க்கொண்டே இருக்குமா? நாளைக்கே வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். வேன் டிரைவரிடம் சொல்லி, இவனை முன் சீட்டில், பெரியவர் பார்வையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். ‘அம்மா எனக்காகப் போனாங்க’ என்பதே அவனுக்குப் பாதி தைரியம். பயிற்சி தரும் தைரியம் அதற்குப் பிறகு, மெதுவாக வரும்: நிமிர்ந்து நிற்பது, கண்ணைப் பார்ப்பது, ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்வது. கராத்தேயில் அடிக்கு ஒரு சத்தம் போடவைப்பார்களே, கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு உதையைவிட அந்தச் சத்தம்தான் அதிகம் உதவும்.

பிளாக் பெல்ட்டுக்கு இரண்டு வருடம் என்று கெடு சொல்லும் வகுப்பு வேண்டாம். கெடு சொல்லி விற்கப்படும்போது அது பொருளாகிவிட்டது. கறுப்புப் பட்டை ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ கொண்டுவந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று இடையில் வந்த வண்ணங்கள் பிறகு ஐரோப்பாவில் பெருகியவை; மாணவர்கள் சலித்துப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அது தவறில்லை, சின்னப் பிள்ளைக்கு ஒரு படி ஏறிய சந்தோஷம் வேண்டும்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீஸ், கட்டியவர் எல்லோரும் பாஸ் என்றால், பிள்ளை கற்றுக்கொள்வது வேறு பாடம். ஆணிப் பலகையில் நின்று கம்பு சுற்றுவது, வயிற்றில் ஓடு உடைப்பது, கைமேல் பைக் ஏற்றுவது என்று ‘உலக சாதனை’க்குக் குழந்தைகளை இழுத்துப்போகும் இடங்களும் வேண்டவே வேண்டாம். அதில் குணமும் வளராது, கலையும் வளராது. மாஸ்டரின் ஃபிளெக்ஸ் பேனர்தான் வளரும்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு வகுப்புகளுக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். பெற்றோர் பார்க்கக்கூடாது என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள், காரணம் எதுவாக இருந்தாலும். மாஸ்டர் பிள்ளைகளைத் தொட்டுத் திருத்தும்போது எப்படித் தொடுகிறார், எல்லோர் கண்முன்னால்தானா என்று பாருங்கள். ‘அடியாத மாடு படியாது’ என்று கம்பைக் காலில் விளாசுகிறவர் கையில் உங்கள் மகனைத் தரவேண்டாம். அடிபட்டுப் பழகியவன் அதையேதான் தங்கையிடம் காட்டுகிறான். எல்லாவற்றையும்விட, தப்பாகச் செய்கிற, சொன்னது புரியாத, கொஞ்சம் குண்டான பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். நன்றாகச் செய்கிற பிள்ளையிடம் யாரும் நல்ல மாஸ்டர்தான்.

இப்படிப் பார்த்த பிறகு சிலம்பமோ கராத்தேயோ, எது வீட்டுக்குப் பக்கமோ அது. எனக்குச் சிலம்பத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். செலவும் குறைவு, கம்பும் இரண்டு ஆள் சுற்ற இடமும் இருந்தால் போதும். உங்கள் அண்ணன் மகன் கூட இருப்பதால் முதல் மாதம் அழுது பின்வாங்க மாட்டான். கூண்டுக்குள் சண்டை போடும் எம்.எம்.ஏ. வகையை மட்டும் தொடாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2016இல் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

வீட்டில் உங்கள் பங்கு ஒன்று இருக்கிறது. 2004இல் லேக்ஸ், ஹாய்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், 207 பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் டேக்வாண்டோ, மற்றவர்களுக்கு வழக்கமான பி.டி. பீரியட். டேக்வாண்டோ பிள்ளைகள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் முன்னேறியிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று கேள்விகளைப் பழக்கினார்கள்: நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என்ன செய்ய வேண்டும்? தங்கைமேல் கை ஓங்கும்போது கத்தாமல், இந்த மூன்றையும் அவனிடம் கேளுங்கள். முதல் வாரம் முறைப்பான். விருந்தாளி வந்தால், ‘மாமாவுக்கு ஒரு கிக் போட்டுக் காட்டு’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘மாஸ்டர்கிட்ட சொல்லிடுவேன்’ என்று மிரட்டவும் வேண்டாம்.

பாப்பாவுக்கு 5 வயதுதானே, அவசரமில்லை. அண்ணனை விட்டுவிட்டு வரும்போது கூட அழைத்துப்போங்கள், வேடிக்கை பார்க்கட்டும். ஆறு ஏழு வயதில் தானாகக் கேட்டால் சேருங்கள். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் யாராவது இழுத்தால், அரசுப் பள்ளிகளிலேயே மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அண்ணனும் தங்கையும் வகுப்பில் கற்றதை வீட்டு ஹாலில் ஒருவர்மேல் ஒருவர் போட்டுப் பார்க்கக்கூடாது என்ற சட்டத்தை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள். அதைக் காவல் காக்கும் வேலையை மாமியாரிடம் ஒப்படைக்கலாம், அவர் விடவே மாட்டார்.