இரண்டு இட்லியிலேயே வயிறு நிரம்பினால்…

கேள்வி: எனக்கு 56 வயது. 18 வருடமாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். ஆறு மாதமாக இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கனத்துவிடுகிறது. சில நாள் ராத்திரி சாப்பிட்டது காலையில் அப்படியே வாந்தியாக வருகிறது. எண்டோஸ்கோப்பியில் அடைப்பு எதுவும் இல்லை. ‘இரைப்பைச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிற நரம்பு செல்கள் பழுதாகியிருக்கலாம்’ என்றார் டாக்டர். என் மகன் ஜிம்முக்குப் போகும்போது நைட்ரிக் ஆக்சைடு பவுடர் என்று ஒன்றைக் கலக்கிக் குடிக்கிறான். அதை நானும் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏன் என்று புரிந்தால், இனி என்ன சாப்பிடுவது, எப்போது ஊசி போடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

வெறும் வயிற்றில் நம் இரைப்பை சுருங்கிக் கிடக்கும். சாப்பிட ஆரம்பித்ததும் அதன் மேல்பகுதி தளர்ந்து, ஒரு லிட்டருக்கும் மேல் இடம் கொடுக்கும். அவ்வளவு உள்ளே போயும் அழுத்தம் பெரிதாக ஏறாது. இந்தத் தளர்வை அமெரிக்க உடலியல் விஞ்ஞானி வால்டர் கேனன் 1911-லேயே பூனைகளிடம் கண்டு எழுதினார். ஆனால் தசையைத் தளரச் சொல்லும் பொருள் எது என்பது தெரிய இன்னும் எண்பது வருடம் ஆனது. அது ஒரு வாயு: நைட்ரிக் ஆக்சைடு. இரைப்பைத் தசை அடுக்குகளுக்கு நடுவே வலைபோல் பின்னியிருக்கும் நரம்புகளில் ஒரு பகுதி செல்கள், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதியின் உதவியால் இதைத் தயாரிக்கின்றன. சேமித்து வைக்க முடியாத பொருள் இது. தேவைப்படும் நொடியில் உண்டாகி, பக்கத்துத் தசைக்குள் ஊடுருவி, அதைத் தளர்த்திவிட்டு மறைந்துவிடும்.

இந்தச் செல்களுக்கு இரண்டு இடத்தில் முக்கிய வேலை. மேல்பகுதியில் உணவுக்கு இடம் கொடுக்கச் செய்கின்றன. அடியில், சிறுகுடலுக்குள் திறக்கும் பைலோரஸ் என்ற வாசலைத் தளர்த்துகின்றன. மேலே பழுதானால் நாலு வாயிலேயே வயிறு நிரம்பும். கீழே பழுதானால் உணவு தேங்கும். பிறந்து சில வாரத்தில் பீய்ச்சியடித்து வாந்தி எடுக்கும் சில குழந்தைகளுக்கு இந்த வாசல் தசை தடித்து அடைத்திருக்கும். அவர்களின் வாசல் நரம்புகளில் அதே நொதி இல்லை என்று 1992-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இப்போது பவுடருக்கு வருவோம். அதில் பெரும்பாலும் ஆர்ஜினின் போன்றவைதான் இருக்கும். உங்களுக்கு மூலப்பொருள் பற்றாக்குறை இல்லை. அதைப் பயன்படுத்த வேண்டிய செல்லும் நொதியும்தான் குறைந்திருக்கின்றன. அடுப்பு பழுதாகியிருக்கும்போது அரிசியைக் கொட்டி என்ன பயன்? இரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சுவலிக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு இவற்றால் அழுத்தம் சட்டென்று இறங்கும் ஆபத்தும் உண்டு.

அந்தச் செல்களுக்கு நல்லது செய்ய நினைத்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். சர்க்கரை நோய் வந்த சுண்டெலிகளின் பைலோரஸில் இந்த நொதி குறைவதையும், இன்சுலின் கொடுத்ததும் அது திரும்புவதையும் 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. 18 வருடப் பழுது மனிதரிடம் அப்படியே மீளும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். செல்லே அழிந்திருந்தால் திரும்பாது. இரைப்பைக்குத் தாளம் கொடுக்கும் கஹால் செல்களும் இந்த நோயில் குறைவதுண்டு. ஆனால் சர்க்கரை ஏறியிருக்கும்போதே இரைப்பை மந்தமாகும் என்பது நிச்சயம். அதைக் குறைத்தால் அந்த அளவுக்காவது நிவாரணம் கிடைக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் இத்தனை வருடம் கேட்ட அறிவுரையை இப்போது கொஞ்சம் திருப்பிப்போட வேண்டும். ‘நார்ச்சத்து நிறையச் சாப்பிடுங்கள், பச்சைக் காய்கறி சாப்பிடுங்கள்’ என்பது சர்க்கரை நோயாளிக்கு நல்ல யோசனை. இரைப்பை மந்தமானவருக்கு அதுவே பாரம். வாழைத்தண்டு, கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, தோலோடு கொண்டைக்கடலை, ஆரஞ்சுச் சுளைத்தோல் எல்லாம் உள்ளே திரண்டு கட்டியாகிவிடக்கூடும். எண்ணெயும் கொழுப்பும் வாசலை இன்னும் தாமதப்படுத்தும், அதனால் பரோட்டா, பூரி வேண்டாம். குழைய வடித்த சாதத்தில் ரசம், மசித்த பாசிப்பருப்பு, ஆவியில் வெந்த மீன், முட்டை வெள்ளைக்கரு, தோல் நீக்கி வேகவைத்து மசித்த காய், மோர் இவையெல்லாம் எளிதாக இறங்கும். காரணம் எளிது: வாசல் வழியே பொடித்துணுக்குகளும் திரவமும்தான் எளிதாகப் போகும். மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரியுங்கள். ராத்திரிச் சாப்பாடு திரவமாக, சீக்கிரமாக இருக்கட்டும். சாப்பிட்டதும் படுக்காதீர்கள்.

எனக்கு உங்கள் வாந்தியைவிட அதிகக் கவலை தருவது இன்சுலின். சாப்பிடுமுன் போடும் வேக இன்சுலின் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் உங்கள் சாப்பாடு இன்னும் இரைப்பையில்தான் கிடக்கும். அதனால் சாப்பிட்ட ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும், படபடக்கும். நாலைந்து மணி நேரம் கழித்து, இன்சுலின் ஓய்ந்தபின், உணவு இறங்கிச் சர்க்கரை ஏறும். ‘சரியாகத்தானே சாப்பிட்டேன், ஏன் இப்படிக் குதிக்கிறது’ என்று பலர் கேட்பதற்குப் பதில் இதுதான். மூன்று நாள் சாப்பிடுமுன், பின் 1, 2, 4 மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஊசியைச் சாப்பிட்டபின் போடுவதா, அளவைப் பிரிப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். நீங்களாக மாற்றாதீர்கள். தாழ்ந்துவிட்டால் பிஸ்கட் வேண்டாம், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்.

எண்டோஸ்கோப்பி அடைப்பில்லை என்று மட்டும்தான் சொல்லும். இரைப்பை மந்தம்தானா என்று உறுதிசெய்ய, துளி கதிரியக்கம் கலந்த உணவைக் கொடுத்து 4 மணி நேரம் படமெடுக்கும் பரிசோதனை இருக்கிறது. 4 மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம் உறுதி. அன்று சர்க்கரை ஏறியிருந்தால் முடிவு தப்பாக வரலாம்.

மாத்திரைகளில் மெட்டோகுளோப்ரமைடு உதவும். ஆனால் 12 வாரத்துக்கு மேல் போனால் முகத்தசைகள் தானாக இழுக்கும் கோளாறு வரலாம், அது நிரந்தரமாகவும் ஆகலாம். கடையில் கேஸ் மாத்திரை என்று கேட்டு வாங்குவதில் பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கும். அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, இ.சி.ஜி. பார்க்காமல் மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். வயிற்றுவலிக்கான டைசைக்ளோமின், வலிக்கான டிரமடால், சர்க்கரைக்கான செமாகுளுடைட் ஊசி, மூன்றுமே இரைப்பையை மந்தமாக்கும். இவற்றில் ஏதாவது எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆறு மாதத்துக் கதை அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் நிறமோ தெரிந்தாலோ, எடை வேகமாகக் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கண்புரைக்கோ வேறெதற்கோ அறுவை சிகிச்சை நடப்பதாக இருந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் இந்தப் பிரச்சினையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிறு என்று நீங்கள் நம்பும் நேரத்திலும் உள்ளே சோறு இருக்கக்கூடும்.