நிலத்தை விற்க வேண்டாம். மகள் கல்வெட்டுப் படிக்கட்டும்

கரூர் அருகிலிருந்து வந்து என்னைச் சந்தித்துச் சென்ற பெற்றோருக்கு இதை எழுதுகிறேன். மகளை ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியலில் சேர்ப்பதாக முடிவு செய்துவிட்டீர்கள் என்றும், விடுதியோடு நான்கு ஆண்டுக்கு 20 இலட்சம் ரூபாய் ஆகும் என்றும், அதற்காக ஒரு ஏக்கர் நிலத்துக்கு விலை பேசியிருக்கிறீர்கள் என்றும் சொன்னீர்கள். உடன் வந்த தாய்மாமன் அப்துல் கலாமின் வாழ்க்கையை எடுத்துக் கூறியபடியே இருந்தார். உங்கள் மகள் அன்று ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள். கோயில் சுவர்களில் பார்த்த எழுத்துகளைத் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் பார்த்து எழுதி வைத்திருக்கும் நோட்டை என்னிடம் நீட்டினாள். நான் இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவதற்குள் பேச்சு மறுபடி கட்டணத்துக்குத் திரும்பிவிட்டது. அன்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்பதால் இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன். அந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள், நிலத்தையும் விற்காதீர்கள்.

தாய்மாமன் சொன்ன வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்த பிறகுதான், தமக்கு உகந்தது பொறியியல் என்று தாமே உணர்ந்து சென்னை எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தார். கட்டணத்துக்குத் தேவைப்பட்ட சுமார் 1,000 ரூபாய்க்காக அவருடைய அக்காள் சோகரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த நகைகள் அடகுக்குப் போனது தம்பி விரும்பிக் கேட்ட படிப்புக்காக. அதன் பிறகும் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து, ஆசைப்பட்ட விமானி வேலையை இழந்தார்; குடியரசுத் தலைவரானது 2002இல், எழுபது வயதில். இடையில் இருக்கும் நாற்பதாண்டு உழைப்பை விட்டுவிட்டு, படிப்பின் பெயரையும் கடைசிப் பதவியையும் மட்டும் இணைத்துப் பார்ப்பதால்தான் குடும்பங்கள் இப்படிப்பட்ட முடிவுக்கு வருகின்றன.

இதே போன்ற இன்னொரு பொதுவாழ்வை உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 1930இல் பிறந்த ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்து, 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். அலுவல் நேரம் போக மிஞ்சிய நாள்களில் மலைக் குகைகளில் ஏறி, தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியைப் படித்தார். 1980இல் விருப்ப ஓய்வு பெற்று, பின்னர் தினமணி ஆசிரியராக இருந்து, 2003இல் பழந்தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார். சிந்துவெளி எழுத்துகள் எங்கெங்கே வருகின்றன என்று காட்டி அவர் 1977இல் தொகுத்த அடைவை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். “அப்படியானால் முதலில் ஐ.ஏ.எஸ்., பிறகு கல்வெட்டு” என்று தாய்மாமன் உடனே சொல்வார். அந்தத் தேர்வை எழுதுவதற்கு எந்தப் பட்டமும் போதும். 21 வயதான பிறகு எழுதுவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஆனால் பிடித்த வேலையை விடுமுறை நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை, ஏனெனில் அதையே முழுநேரத் தொழிலாகச் செய்ய வழி இருக்கிறது.

நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய அந்த வழியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கரூர் அரசு கலைக் கல்லூரியிலோ திருச்சியிலோ, தமிழ், வரலாறு இரண்டில் எது கிடைத்தாலும் இளங்கலையில் சேரட்டும், தொடர்ந்து முதுகலை. அதன் பிறகு, மாநிலத் தொல்லியல் துறையின்கீழ் இயங்கும் தமிழ்நாடு தொல்லியல் மற்றும் அருங்காட்சியகவியல் நிறுவனத்தில், உதவித்தொகையோடு இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறை உண்டு. பழைய எழுத்து முறைகளான வட்டெழுத்தும் கிரந்தமும் அங்கே கற்பிக்கப்படும். சமஸ்கிருதத்தை இளங்கலைக் காலத்திலேயே பக்கத்தில் வைத்துப் படித்துவந்தால் பிற்காலச் செப்பேடுகள் அவளுக்குத் தடையாக இருக்காது.

கையால் செய்ய வேண்டிய வேலையும் இதில் நிறைய. கல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மை தொட்ட திண்டால் மெல்ல ஒற்றினால், கருப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். மைப்படி என்று இதற்குப் பெயர். 1886இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் சென்னை மாகாணத்தின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்ட காலந்தொட்டு இப்படிப் படியெடுத்தவற்றில் ஆயிரக்கணக்கானவை இன்னும் அச்சேறவில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் மைசூர் அலுவலகத்தில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களோ மிகச் சிலர்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். பணியிடங்கள் குறைவு, அறிவிப்புக்காகக் காத்திருக்கவும் நேரும். இதை மறைக்க மாட்டேன். டி.என்.பி.எஸ்.சி. தொல்லியல் அலுவலர் தேர்வு, மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, அருங்காட்சியகங்கள், நெட் தேர்ச்சியோடு கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவை முக்கியமான வாயில்கள். ஏழாண்டுப் படிப்பு நீளமாகத் தெரியலாம். ஆனால் இந்த ஏழாண்டுகளில் நீங்கள் யாருக்கும் கடன்பட மாட்டீர்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் இளங்கலை முடியும்வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அந்த ஏக்கர்தான் உங்கள் வீட்டின் ஆண்டு வருமானம். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மகனுக்கும் அதில் பங்கு உண்டு. விற்காமல் கடன் வாங்கலாம் என்றாலும், 7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக்கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்தைப் பிணையாகக் கேட்கும். அப்போதும் பணயத்தில் இருப்பது அதே நிலம்தான். விரும்பாத படிப்பில் மூன்றாம் ஆண்டில் அவள் தளர்ந்துபோனால் அந்தச் சுமையைத் தாய்மாமன் சுமக்கப் போவதில்லை. நீங்களும் அவளும்தான் சுமப்பீர்கள்.

முன்பணம் கட்ட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன், மகளைப் புகழூர் ஆறுநாட்டார் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள், உங்கள் மாவட்டம்தான். அங்கே சமணத் துறவிக்காக வெட்டிய குகைப் படுக்கைக்கு மேலே, சேரர் மூன்று தலைமுறையைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதை, சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் அரசர்களோடு மகாதேவன் பொருத்திக் காட்டினார். “இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்” (இளங்கடுங்கோ இளவரசனானபோது வெட்டிய கல்) என்று முடியும் அந்த வரியை அவளையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தாய்மாமனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த பிறகு, அந்த நோட்டோடு அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். அன்று பார்க்காமல் விட்ட பக்கங்களை நான் பார்க்க வேண்டும்.