அப்பாவின் கைவேலை பிள்ளைக்கு எப்படி வருகிறது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: என் கணவர் மெக்கானிக். 11 வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் அவர் பக்கத்திலேயே நிற்கிறான். இவரோ வாயைத் திறந்து எதையும் சொல்லித் தருவதில்லை. கேட்டால் "பார்த்துக் கத்துக்கட்டும்" என்கிறார். பார்த்தாலே வந்துவிடுமா?

பதில்: பாதி வரும். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் கைவேலையில் பெரும்பகுதியை அவரால் வார்த்தையில் சொல்லவே முடியாது. ஒரு போல்ட்டை எதுவரை முறுக்கலாம், அதற்கு மேல் கால் சுற்று போனால் மரை போய்விடும் என்பதெல்லாம் மணிக்கட்டில் இருக்கிற அறிவு. நமக்குத் தெரிந்ததெல்லாம் நம்மால் சொல்ல முடிந்ததைவிட அதிகம் என்று மைக்கேல் போலனி என்ற அறிஞர் 1966-இல் எழுதியதும் இதைப் பற்றித்தான்.

என் அப்பா எலக்ட்ரீஷியன். ஒயரில் கரண்ட் இல்லை என்று டெஸ்டர் காட்டினாலும் உடனே கை வைக்க மாட்டார். கரண்ட் வருகிற இன்னொரு பாயிண்டில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா, இல்லை டெஸ்டரே கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொடுவார். ஒரு நாளும் இதை எனக்குச் சொன்னதில்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன், எப்போது பழகினேன் என்றே நினைவில்லை.

மீதிப் பாதிக்குப் பையன் கையில் வேலை கொடுக்க வேண்டும். ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் 1970-களில் லைபீரியாவில் தையல்காரர்களிடம் வேலை பழகும் பையன்களைக் கவனித்தார். அவர்கள் துணி வெட்டுவதில் ஆரம்பிப்பதில்லை. பட்டன் கட்டுவது, ஓரம் மடித்துத் தைப்பது போன்ற கடைசி வேலைகள்தான் முதலில், அப்புறம் தையல், வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. இதில் பெரிய யோசனை இருக்கிறது: பட்டனைத் தப்பாகக் கட்டினால் பிரித்துக் கட்டிக்கொள்ளலாம், துணியைத் தப்பாக வெட்டினால் அவ்வளவுதான். அதோடு, முடிந்த சட்டை எப்படி இருக்கும் என்பது முதல் நாளே பையன் கண்ணில் பட்டுவிடுகிறது. உங்கள் மகனுக்கும் கழற்றிய பாகங்களைத் துடைத்து வரிசையாக அடுக்குகிற வேலையைக் கொடுக்கச் சொல்லுங்கள். எது எதற்குப் பின்னால் வந்தது என்று அவனுக்குத் தானாகப் புரியும்.

கேள்வி: நான் தச்சன். மகனுக்கு 15 வயது. ஒரு வேலையும் உருப்படியாகச் செய்ய மாட்டான், நானும் சத்தம் போட்டுவிடுவேன். இப்போது பட்டறைப் பக்கமே வருவதில்லை. இதெல்லாம் ரத்தத்தில் இருக்க வேண்டும் போல?

பதில்: ஐயா, ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று சொல்லிச் சொல்லியே நாம் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். தச்சன் மகனுக்கு இழைப்புளி தானாகப் பிடிபடும் என்றால் முதல் முறை சிராய் பெயர்ந்ததும் "நமக்கு இது வராது" என்று அவன் முடிவு கட்டிவிட மாட்டானா?

வாடிக்கையாளர் தந்த பலகையில் அவனைப் பழக விடாதீர்கள். அதில் பிசகினால் பணமும் போகும், பேரும் போகும், நீங்கள் கத்தத்தான் செய்வீர்கள். மிஞ்சிய துண்டுக் கட்டைகளை அவனுக்கென்று ஒதுக்குங்கள், ரேகைக்கு எதிராக இழைத்து மரம் பெயர்ந்து வரட்டும், அவனே கட்டையைத் திருப்பிப் போட்டு இழைத்துப் பார்க்கட்டும், அதுவரை நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். கஷ்டம்தான், கை பரபரக்கும். ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீவ் ஜாப்ஸின் அப்பா பால் ஜாப்ஸ், தன் வேலை மேசையில் ஒரு பகுதியைச் சிறுவனாக இருந்த மகனுக்கென்று பிரித்துக் கொடுத்தவர். வேலியோ அலமாரியோ, யாரும் பார்க்காத பின்பக்கத்தையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று காட்டியவரும் அவர்தான். மகன் அப்பாவின் வேலைக்கு வரவில்லை, கம்ப்யூட்டர் செய்யப் போனார். ஆனால் அங்கே வெளியே தெரியாத சர்க்யூட் போர்டும் அழகாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். உங்கள் மகனும் தச்சனாகாமல் போகலாம், அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில், சத்தம் போட்டது தப்பு என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். என்னோடு இந்த வேலை முடிந்துவிடுமா?

பதில்: ஏன் முடிய வேண்டும்? சூசன் என்ற பெண் வண்டி செய்கிற தன் அப்பாவின் பட்டறையில் கருவிகளைப் பிடித்துப் பழகினார். கல்யாணமான பிறகு தன் பிள்ளைகளுக்குப் பொம்மைகளைத் தானே செய்து கொடுத்தார். இயந்திர சமாச்சாரத்தில் சந்தேகம் என்றால் பிள்ளைகள் அப்பாவிடம் போக மாட்டார்கள், அம்மாவிடம்தான் போவார்கள். அந்தப் பிள்ளைகளில் இருவர்தான் 1903-இல் விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்கள். நாளைக்கே மகள்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த வயதில் கருவியைக் கையில் தரலாம்?

பதில்: சுத்தியல், ஸ்குரூ டிரைவர் போன்றவற்றைச் சின்ன வயதிலேயே உங்கள் கண் முன்னால் தரலாம். சுழலும் பிளேடு, வெல்டிங் இதெல்லாம் வேறு கதை. 18 வயதுக்குள் ஆபத்தான வேலையே கூடாது என்பது 1999-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182-ஆவது ஒப்பந்தம். அப்பாவின் பட்டறை என்பதற்காகப் பிளேடு ஆள் பார்த்து வெட்டாது. பள்ளியைக் கெடுத்து வேலையும் வேண்டாம். வயது வந்து டிரில்லிங் மெஷின் முன்னால் நிற்கும்போது தொளதொள சட்டை கூடாது, கையுறையும் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துக் கையுறை போடுவார்கள், சுழலும் பிட் அந்தத் துணியோடு சேர்த்து விரலையும் இழுத்துவிடும்.