ராக் வாசிப்பவர்களுக்குக் கச்சேரிப் படங்கள் பிடிக்குமா, நேரடிக் கச்சேரி பிடிக்குமா? முதல்முறை கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

நான் தங்கச்சிமடம் பக்கம். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பிடிக்க ஆரம்பித்து, அப்புறம் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் ஆனோம். ஏர்வாடியிலிருந்து தொண்டி வரைக்கும் கடற்கரை ஊர்களில் யார் கூப்பிட்டாலும் போய் வாசிப்போம். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் 'லைட் மியூசிக்' என்று நினைத்துத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கதையை இன்னொரு பதிலில் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் கச்சேரியைக் காட்டும் படங்களில் ஒரே ஒரு விஷயம் ஆகவே ஆகாது: பாட்டுக்கு நடுவில் கூட்டத்தைக் காட்டுவது. கிட்டார்க்காரர் ஒரு நல்ல இடத்துக்கு வந்திருப்பார், அடுத்து எந்த ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கும் கட்டத்துக்கு) போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். சட்டென்று கேமரா திரும்பிவிடும். கண் கலங்கிய ஒரு பெண், தலையாட்டும் ஒரு தாத்தா, கையைத் தூக்கிய பல்லாயிரம் பேர். 'இங்கே நீ உருகணும்' என்று இயக்குநர் எனக்குக் குறிப்புக் கொடுக்கிறார். உருகுவதா வேண்டாமா என்பதை நானே பார்த்துக்கொள்கிறேனே.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றி 2018-ல் வந்த 'போஹீமியன் ராப்சடி'. கடைசியில், பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் கச்சேரி வரும். விமானத் தளம் ஒன்றில் லண்டன் வெம்பிளி மைதான மேடையை அப்படியே கட்டினார்கள், துணை நடிகர்களைக் கணினியில் பெருக்கி மைதானத்தை நிரப்பினார்கள். வேலை சுத்தம்தான். ஆனால் பாட்டு ஓடும்போது மதுக்கடையில் துள்ளுகிறவர்கள், வீட்டில் டிவி பார்க்கும் குடும்பம், நன்கொடைக்காக அடிக்கும் தொலைபேசிகள் என்று போய்ப் போய் வருவார்கள். 1985 ஜூலை 13-ல் நடந்த அசல் கச்சேரி யூடியூபில் இருக்கிறது, இருபது நிமிடம் சொச்சம். அதிலும் கூட்டம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'ரேடியோ காகா' பாட்டில் அத்தனை பேரும் ஒரே தாளத்தில் கை தட்டுகிறார்களே, அங்கே கூட்டத்தைக் காட்டாமல் எப்படி? அந்த இடத்தில் கூட்டமும் சேர்ந்து வாசிக்கிறது.

இன்னொன்றும் உறுத்தியது. படத்தில் குழு பிரிந்து கிடந்து, லைவ் எய்டுக்காகத்தான் மறுபடி ஒன்று சேர்ந்ததுபோல வரும். நிஜத்தில் அந்த ஆண்டு மே மாதம் வரை அவர்கள் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள், ஜப்பானில் வாசித்து முடித்திருந்தார்கள். வாசிக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு அவர்கள் அப்படி வாசித்ததற்குக் காரணம் கை சூட்டோடு இருந்தது. நீண்ட நாள் கிட்டாரைத் தொடாதவர்கள் மேடையேறினால் என்ன ஆகும் என்று எங்கள் பேஸ் கிட்டார்க்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

இதற்கு நேர் எதிர் 'விப்லாஷ்', டிரம்ஸ் கற்கும் ஒரு மாணவனையும் அவனை வாட்டும் வாத்தியாரையும் பற்றிய படம். அது ஜாஸ், ராக் இல்லை, இருந்தாலும் எங்கள் டிரம்மருக்கு அதுதான் வேதம். கைகிழிந்து ரத்தம் வருவதெல்லாம் கொஞ்சம் அதிகம், குச்சியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவே கூடாது என்று அவரே திட்டுவார். ஆனால் அந்தக் கடைசி டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்தைப் பாருங்கள். நிறைந்த அரங்கம், ஆனால் கூட்டத்தைத் தேடினாலும் கிடைக்காது. கதவு இடுக்கில் அப்பா முகம், எதிரே வாத்தியார் முகம், மற்றபடி கை, குச்சி, சிம்பல். கைதட்டல் வருவதற்குள் படம் முடிந்து திரை கறுத்துவிடும்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படம் உண்டு: 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்', 1984. டாக்கிங் ஹெட்ஸ் குழு முந்தைய ஆண்டு டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் வாசித்ததை ஜோனதன் டெமி படமாக்கினார். வெற்று மேடை. டேவிட் பர்ன் ஒரு கிட்டாரும் ஒரு டேப் ரெக்கார்டருமாக வந்து நிற்பார், டேப்பைத் தட்டிவிட்டு ஒற்றை ஆளாகப் பாடுவார். (டேப்பிலிருந்து வருவதாகக் காட்டும் தாளம் உண்மையில் ஒரு டிரம் மெஷினிலிருந்து, ஒலிகளைக் கலக்கும் மிக்சர் வழியாக வருகிறது. மேடைக்காரன் புத்தி, இதைத்தான் முதலில் கவனித்தேன்.) இரண்டாம் பாட்டுக்கு பேஸ் வாசிக்கும் டீனா வேமத் வந்து சேர்வார், மூன்றாம் பாட்டுக்கு டிரம்ஸ், நான்காவதுக்கு இன்னொரு கிட்டார். கறுப்பு உடை போட்ட ஆட்கள் டிரம்ஸ் மேடையைத் தள்ளிக்கொண்டு வருவதைக்கூட மறைக்கவில்லை. மேடை நம் கண் முன்னால் கூடுகிறது. கூட்டத்தை டெமி கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் காட்டவே மாட்டார். யார் எங்கே ரசித்தார்கள் என்று சொல்ல ஆளில்லாததால் நாமே ரசித்துக்கொள்ள வேண்டியதுதான். 2023-ல் 4கே-யில் புதுப்பித்துத் திரையரங்குகளில் மறுபடி வெளியிட்டார்கள். எங்கள் பக்கம் வரவில்லை. லேப்டாப்பில், நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்ததோடு சரி.

கூட்டமே இல்லாமல் ஒரு படம் வேண்டும் என்றால் பிங்க் ஃப்ளாய்ட் 1971-ல் இத்தாலியின் பொம்பெயி நகர இடிபாட்டுக்குள் வாசித்தது இருக்கிறது. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊர், அதன் பழைய வட்ட அரங்கில் ஆம்ப்களை (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகளை) அடுக்கி, படக்குழுவைத் தவிர யாரும் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள். இதைப் பார்த்த எல்லோரும் எங்களிடம் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, தனுஷ்கோடி சர்ச் இடிபாட்டுல இப்படி ஒண்ணு பண்ணுங்களேன்." யோசனை அருமை. ஆனால் அனுமதி வேண்டும், ஜெனரேட்டரை நாமே ஏற்றிப் போக வேண்டும், பொழுது சாயும் முன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அங்கே அடிக்கிற காற்றில் மைக்கில் பாட்டை விடக் காற்றுதான் ஏறும். பொடி மணல் வால்யூம் குமிழுக்குள் போனால் திருகும்போதெல்லாம் கரகரக்கும். தவிர, 1964 புயலில் ஆட்கள் செத்த இடம். என் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பக்கம் இன்னும் சும்மா சுற்றிப் பார்க்கக்கூடப் போவதில்லை. அங்கே, கிட்டாரைக் கரகரவென்று அலறவைக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்க எனக்கு மனசு வரவில்லை.

தமிழ்ப் படங்களைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். மேடைப் பாடகராக வந்து வந்தே 'மைக் மோகன்' என்று பெயர் வாங்கியவர் நம்மிடம் இருந்தார். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்து 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் மோகன், குரல் எஸ்.பி.பி., அந்த கிட்டார் ஆர். சந்திரசேகர். கிட்டார் கற்கிற ஒவ்வொரு தமிழ்ப் பையனும் தடுக்கி விழும் இடம் அது. வாசித்தவர் முகம் யாருக்கும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நம் சினிமாவின் வழக்கம் அப்படி. சினிமாவில் பாட்டைப் பார்க்கும்போது நாம் வாசிப்பைப் பார்ப்பதில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, நேரடிக் கச்சேரி. எங்கள் கடற்கரையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்று புரியும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். அந்த ராத்திரிகளில் ஆண்களில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். முன்னால் பிள்ளைகள், அடுத்து பாய் விரித்து உட்கார்ந்த பெண்கள், தூரத்தில் வள்ளத்து மேல் சாய்ந்தபடி பெரியவர்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது வைத்தால் ஊரே இருக்கும். இருந்தாலும் கைதட்டு வராது. விசில் வந்தால் எங்களுக்கு இல்லை, நடுவில் போடும் ரஜினி பாட்டுக்கு. நாங்கள் எழுதிய பாட்டை உயிரைக் கொடுத்து வாசித்து முடித்தால் ஒரு சத்தமும் இருக்காது. சினிமாவாக இருந்தால் அங்கே கதாநாயகன் உடைந்து அழுவான். ஆனால் மறுநாள் காலையில் மீன் ஏலம் விடும் இடத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, அந்த மூணாவது பாட்டுல நடுவுல நிப்பாட்டி மறுபடி எடுத்தியே, அது வேணும்னே செஞ்சதா, மறந்துட்டியா?" வேண்டும் என்றே செய்ததுதான். அந்த ஒரு அடி நிறுத்தத்தை அவர் பிடித்திருக்கிறார். அவர் முகத்தை அன்று ராத்திரி எந்தக் கேமரா காட்டியிருந்தாலும் கொட்டாவிதான் தெரிந்திருக்கும்.

படங்களில் வராத இன்னும் சில உண்டு. மைக் செட்டுக்கு ஒரு லைன், என் ஆம்புக்கு வேறு லைன் என்று கொடுத்து, எர்த் சரியாக இல்லாவிட்டால், கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று இழுக்கும். விளையாட்டு இல்லை, இப்படி உயிர் போனவர்களும் உண்டு. இப்போதெல்லாம் டெஸ்டர் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. உப்புக் காற்றில் கம்பி சீக்கிரமே துருவேறும். ஆடி மாதத்துக் கச்சான் காற்று வந்துவிட்டால் காற்று போகும் பக்கத்தில் சத்தம் தரையை ஒட்டி நெடுந்தூரம் போகும், எதிர்ப்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரே தெருவில் ஒரு முனையில் 'காது கிழியுது' என்றும் மறுமுனையில் 'ஒண்ணுமே கேக்கல' என்றும் புகார் வரும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். ஊர்த் திருவிழாவில் தேர்ப்பவனி முடியவே ஒன்பது தாண்டிவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது நாலைந்து பாட்டு.

பெரிய கச்சேரி என்றால் 2011 அக்டோபரில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா பார்த்தேன். இரண்டு நாள் முன்னால் டெல்லிப் பக்கம் நடக்க வேண்டிய நிகழ்ச்சி ரத்தாகியிருந்தது, இதுவும் நடக்காதோ என்று பயந்துகொண்டே ரயில் ஏறினோம். நடந்தது. ஆனால் நின்ற இடத்திலிருந்து மேடையில் நாலு புள்ளிகள்தான். எல்லோரும் திரையைத்தான் பார்த்தோம், அதாவது யாரோ ஒருவர் வெட்டி வெட்டிக் கொடுத்த படத்தை. அதிலும் கூட்டத்தைக் காட்டினார்கள்! கடைசியில் நான் கண்ணை மூடிக்கொண்டு பேஸ் டிரம்மை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றேன். அதற்கு மட்டும் டிக்கெட் காசு தகும். லேப்டாப்பில் அது வராது.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். முதல்முறை போகிறீர்கள் என்றால் மேடைக்கு முன்னால் முட்டிமோத வேண்டாம். அங்கே கிட்டார் ஆம்ப் சத்தமும் டிரம்ஸும்தான் நேராக வரும், பாடுகிறவர் குரல் தெளிவாக இருக்காது. சவுண்ட் இன்ஜினியர் மிக்சர் போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அதனால் மைதானத்திலேயே நல்ல சத்தம் அங்கேதான். காதுக்குப் பஞ்சு போதாது, ரப்பர் அடைப்பான் சின்ன விலைக்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முழுக்க பேஸ் கிட்டார்க்காரரை மட்டும் பாருங்கள், எந்தப் படமும் அவரை அவ்வளவு நேரம் காட்டாது. மிக்சர்காரர் கையில் டீ இருந்தால் தாராளமாகப் பேச்சுக் கொடுக்கலாம். விரல் ஃபேடரில் (சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் குமிழில்) இருந்தால் வேண்டாம், எங்கள் ஆள் கெட்ட வார்த்தையில்தான் பதில் சொல்வார்.