கேட்டதும் சொன்னதும்: விரல் விடாத வாயு

கேள்வி: சார், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக, பாறைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி மிச்ச எண்ணெயைத் தள்ளுவதை சிமுலேஷன் செய்கிறேன். வாயு விரல் விரலாக எண்ணெயைப் பிளந்துகொண்டு ஓடும் என்று படித்தேன். என் திரையிலோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரே சீராக நகர்கிறது. எங்கே தப்பு?
— மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: தப்பு இல்லை தம்பி, சுத்தம்தான் ஜாஸ்தி! சிமுலேஷனில் பாறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எல்லாக் கட்டத்துக்கும் ஒரே ஊடுருவுதிறன் (திரவத்தைப் பாறை எவ்வளவு சுலபமாக விடுகிறது என்ற அளவு) கொடுத்திருப்பீர்கள். அப்புறம் ஒரு வரிசை மட்டும் ஏன் முந்தப்போகிறது?

ஒரு விளையாட்டுச் சோதனை. மருந்துக்கடை கிளிசரின், தேக்காவில் வாங்கிய கேசரிப் பவுடர், நடுவில் துளை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்று, துளையில்லாதது ஒன்று. இரண்டுக்கும் நடுவே கிளிசரினைப் பரப்பி, துளை வழியாகச் சிரிஞ்சால் கேசரித் தண்ணீரை ஏற்றுங்கள். பவளப்பாறை மாதிரி கிளைவிடும். மாற்றிச் செய்யுங்கள், தண்ணீருக்குள் கிளிசரின்: தோசை மாதிரி வட்டமாகப் பரவும். நீர்த்தது கெட்டியைத் தள்ளினால்தான் வம்பு. தற்செயலாக ஒரு முனை துளி முந்தினாலும் அதற்கு முன்னால் கெட்டித் திரவம் குறைவு, தடை குறைவு, அதனால் இன்னும் வேகம். சர்க்கரைப் பாகைத் தண்ணீரால் தள்ளும்போது இது நடப்பதை 1952-இல் ஹில் என்ற ஆய்வாளர் எழுதினார். 1958-இல் சாஃப்மனும் டெய்லரும் கணக்காக்கினார்கள். நிலத்தடியில் கரியமில வாயுவின் பாகுத்தன்மை (கெட்டித்தன்மை) சாதாரணத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. விரல் விடாமல் என்ன செய்யும்?

ஆகவே ஊடுருவுதிறனில் ஒன்றிரண்டு சதவீத ஏற்றத்தாழ்வைத் தாறுமாறாகக் கலந்துவிடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் கட்டம் பெரிது. கட்டத்தைவிட மெல்லிய விரலைக் கணிப்புமுறையே கரைத்துவிடும்.

இதில் நானே சூடுபட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வழவழப்பான படமொன்றை மேலதிகாரியிடம் பெருமையாக நீட்டினேன். "கட்டத்தைப் பாதியாக்கு" என்றார், அவ்வளவுதான். மறுநாள் அதே வாயு உற்பத்திக் கிணற்றுக்கு எட்டு மாதம் முன்னதாக வந்து நின்றது.

நீங்களும் பாதியாக்குங்கள், ஆனால் பழைய ஊடுருவுதிறன் வரைபடத்தையே வைத்துக்கொண்டு. புதிதாகக் கலந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? விரல்களின் உருவம் அச்சாக ஒத்துப்போகாது, அது பரவாயில்லை. வாயு வந்துசேரும் நாள் நிலைக்கிறதா என்று பாருங்கள். பிறகு கட்டங்களை 45 பாகை திருப்பி ஓட்டுங்கள். விரலும் கூடவே திரும்பினால் அது பாறையின் விரல் அல்ல, உங்கள் கட்டத்தின் விரல்.

டெக்சாஸின் சாக்ராக் எண்ணெய் வயலைப் போல (அங்கே 1972-இலேயே வாயு செலுத்தத் தொடங்கிவிட்டார்கள்) முழு வயலையும் இப்படிப் பொடிக்கட்டமாக நறுக்கக் கணினி தாங்காது. அதற்கு டாட்–லாங்ஸ்டாஃப் முறை உண்டு: விரல்களை வரையாமல், வாயுவும் எண்ணெயும் எவ்வளவு கலக்கின்றன என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் சொல்லிவிடுவது. வயலில் வாயுவும் தண்ணீருமாக மாற்றி மாற்றிச் செலுத்துவதும் விரலை அடக்கத்தான். அதை அடுத்த அத்தியாயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையைச் சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள். எங்கள் வீட்டு மேசையில் அந்த ஆரஞ்சுக் கறை இன்னும் இருக்கிறது, பேச்சும் நிற்கவில்லை.